விதி ஒன்று, விலை வேறு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 2010-ம் ஆண்டு அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண். நேர்முகத் தேர்வுக்கு நீலநிற சூட் அணிந்து போனார். தலைமுடியை டிரெட்லாக்ஸாக, அதாவது முறுக்கிவிட்டுக் கயிறுபோல் திரண்ட குட்டையான சடைகளாக வைத்திருந்தார். தேர்வும் ஆனார். வேலையில் சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைக்குக் குறித்த நாள் ஒத்துவரவில்லை என்று மனிதவள மேலாளரிடம் தனியே பேசப் போனபோதுதான் பேச்சு முடிப்பக்கம் திரும்பியது. இது டிரெட்லாக்ஸா என்று கேட்டார் மேலாளர். ஆமாம் என்றதும், இந்த முடியோடு வேலைக்கு எடுக்க முடியாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, இப்படிப்பட்ட முடி அலங்கோலமாகிவிடும், உங்களுடையது அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் நான் சொல்வது உங்களுக்கே புரியும் என்ற பொருளில் பதில் வந்தது. முடியை வெட்ட மாட்டேன் என்றார் ஜோன்ஸ். கொடுத்த காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவர் பார்க்கவிருந்த வேலை, பெரிய கூடமொன்றில் உட்கார்ந்து போன் பேசுவது. வாடிக்கையாளர் யாரும் அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அவருடைய முடி அன்றைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது என்பதை மேலாளரும் மறுக்கவில்லை. இருந்தும் வேலை போனது. அந்த நிறுவனத்தின் விதியில் கறுப்பினத்தவர் என்ற சொல்லே கிடையாது. தோற்றம் தொழிலுக்குத் தக்கதாக இருக்க வேண்டும், சிகை அளவுக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு விதி பொதுவானதா என்பதை அதன் வாசகத்தை மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குக் கீழ்ப்படிய யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். ஒருவர் காலையில் சீப்பை எடுத்து இரண்டு நிமிடத்தில் நிறைவேற்றிவிடும் விதிக்காக இன்னொருவர் பல மணி நேரத்தையும் பணத்தையும் உடல்நலத்தையும் செலவழிக்க வேண்டியிருந்தால், அந்த விதியைப் பொதுவிதி என்று சொல்வது நியாயமாகாது. அமெரிக்கப் பணியிடங்களில் கறுப்பினத்தவரின் தலைமுடியைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்குகளையும் சட்டங்களையும் இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் அவற்றின் நியாயம் விளங்கும்.

முடியின் இயல்பு

முதலில் முடியைப் பற்றியே கொஞ்சம் தெரிந்துகொள்வோம். தோலுக்கு அடியில் முடி முளைக்கும் பை நேராக இருந்தால் முடியும் நேராக வருகிறது. அந்தப் பை வளைந்து, முடியின் குறுக்குவெட்டு தட்டையாக இருந்தால் முடி சுருளுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருடைய முடி ஸ்பிரிங் கம்பிபோல நெருக்கமாகச் சுருண்டது. நேரான முடியில் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருள் முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடும். அதனால் அது சீக்கிரம் வறண்டு, வளைவுகளில் முறியும். தினமும் அலசி, தினமும் சீவினால் உதிர்ந்தே போகும். ஆகவே அதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பின்னிவிடுவது, முறுக்கிவிடுவது, சடையாகத் திரளவிடுவது என்ற முறைகள் வந்தன. தலையோடு ஒட்டி வரப்புபோல் வரிசையாகப் பின்னும் கார்ன்ரோஸ், முறுக்கிய ட்விஸ்ட், லாக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிரெட்லாக்ஸ் எல்லாமே பார்வைக்கு அழகு என்பதோடு, முடியைக் காப்பாற்றும் வழிகளும்கூட. பிரித்து, எண்ணெய் தடவி, அடியிலிருந்து நுனிவரை இறுக்கிப் பின்னிய தலை, அந்த முடிக்கு மிக ஒழுங்கான நிலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையைத்தான் ஒழுங்கு என்று பழகிய கண்ணுக்கு அது தெரிவதில்லை. படியாத முடியெல்லாம் அதற்குப் பரட்டைதான்.

இந்தச் சுருள் எதற்காக வந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டினா லசிசி, நினா ஜப்லான்ஸ்கி ஆகியோரும் சக ஆய்வாளர்களும் சூடேற்றக்கூடிய ஒரு பொம்மையின் தலையில் நேரான முடி, அலைமுடி, நெருங்கிச் சுருண்ட முடி என்று விக்குகளை மாற்றி மாற்றி வைத்து, மேலே விளக்கொளியைப் பாய்ச்சி, தலைக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது என்று அளந்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வின்படி எல்லா முடியும் வெயிலைத் தடுக்கிறது. ஆனால் நெருங்கிச் சுருண்ட முடிதான் மிக நன்றாகத் தடுக்கிறது. வியர்த்துக் குளிர வேண்டிய தேவையும் அதனால் குறைகிறது. நிலநடுக்கோட்டு வெயிலில் நிமிர்ந்து நடந்த நம் ஆதி மூதாதையரின் மூளையைக் காத்ததில் இந்த முடிக்குப் பங்கிருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். அலுவலக வாசலில் குறையாகப் பார்க்கப்படும் முடிக்கு மனித குலத்தின் வரலாற்றில் இவ்வளவு பெரிய வேலை இருந்திருக்கிறது.

முடியை வைத்து இனம் பிரித்த வரலாறு

முடிக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம், இது வெறும் அலங்காரம்தானே என்று கேட்பவர்களுக்கு வரலாறு தெளிவான பதில் வைத்திருக்கிறது. பல ஆப்பிரிக்கச் சமூகங்களில் பின்னலைப் பார்த்தே ஒருவரின் குலம், வயது, மணமானவரா என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். நமீபியாவின் ஹிம்பா பெண்களின் சிகை, சிறுமி பருவமடையும்போதும் மணமுடிக்கும்போதும் மாறுவதை இன்றைக்கும் பார்க்கலாம். அந்த முடியின்மீது அதிகாரத்தின் கண் விழுந்ததும் பழைய கதைதான். 1786-ல் லூசியானா ஸ்பெயின் ஆட்சியில் இருந்தபோது ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் உத்தரவு போட்டார். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக் காட்டக்கூடாது, டின்யான் என்ற துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்றது அது. அந்தப் பெண்களோ பளிச்சென்ற வண்ணத் துணிகளை எடுத்து விதவிதமாகக் கட்டி, அதையே தங்களுக்கு அழகாக்கிக்கொண்டார்கள்.

தென் ஆப்பிரிக்காவில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. 1950-ல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பட்டியலில் அடைத்தது. யார் எந்தப் பட்டியல் என்ற சந்தேகம் வந்தபோது அதிகாரிகள் கையாண்ட வழிகளில் ஒன்று பென்சில் சோதனை. தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். பென்சில் நிற்காமல் விழுந்தால் வெள்ளையர் என்று கொள்ளலாம். சுருளில் சிக்கி நின்றுவிட்டால் இல்லை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்தது என்பதால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவானதும் உண்டு. நிறவெறி ஆட்சி ஒழிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், 2016-ல் பிரிட்டோரியாவின் பெண்கள் பள்ளி ஒன்றில் மாணவிகள் தங்கள் இயற்கையான முடியோடு வகுப்பில் உட்காரும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. ஓர் அரசாங்கமே முடியை வைத்து இனத்தை முடிவுசெய்த வரலாறு இருக்கும்போது, முடி வேறு இனம் வேறு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

கீழ்ப்படிதலின் விலை

அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் அமெரிக்காவில் வேலை தேடிய கறுப்பினப் பெண்களுக்கு, முடி நேராகத் தெரிந்தால்தான் கதவு திறக்கும் என்ற நிலை இருந்தது. அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை இழுத்து நேராக்கினார்கள். பிறகு வந்தது ரிலாக்ஸர் என்ற ரசாயனக் கிரீம். நெடுங்காலமாக இதன் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கப் பயன்படும் அதே காரம். முடியின் புரதத்தில் கந்தக அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்புகளே சுருளைக் கட்டிக் காக்கின்றன. காரம் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. அதைத் தடவும் முன் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் வாசலினைப் பூசிக்கொள்ள வேண்டும். கிரீம் ஏறியதும் முதலில் குறுகுறுக்கும், பிறகு எரியும். சீக்கிரம் கழுவினால் முடி நேராகாது, தாமதித்தால் தலைத்தோல் புண்ணாகும். அவ்வளவு பாடுபட்டு நேராக்கினாலும் வேரிலிருந்து புதிதாக வளர்வது சுருளாகத்தான் வளரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும். சிறுமியாக இருந்தபோது தொடங்கி ஓய்வுபெறும்வரை இதைச் செய்தவர்கள் ஏராளம்.

இதன் விலை தலைத்தோலோடு நிற்பதாகத் தெரியவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 35 வயது முதல் 74 வயது வரையுள்ள 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து, 2022 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் அவர்கள் கணித்தார்கள். இது பரவலான நோயல்ல என்பதையும், ஒரு தொடர்பு தெரிவதாலேயே காரணம் நிரூபணமாகிவிடாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இத்தகைய பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் கறுப்பினப் பெண்கள். ஆபத்து எந்த அளவாக இருந்தாலும் அதை அதிகம் சுமப்பவர்கள் யார் என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. இதற்கு முன்பே, 2011-ல், நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ரெஜினா பெஞ்சமின், வியர்வையில் முடி கலைந்துவிடும் என்பதற்காகப் பெண்கள் உடற்பயிற்சியையே தவிர்க்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கவலைப்பட்டார்.

ரசாயனம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி, பிறர் முடியை வாங்கித் தலையில் தைத்துக்கொள்வது, அல்லது விக் வைத்துக்கொள்வது. இங்கேதான் இந்த விஷயம் நம் ஊர்ப்பக்கம் வருகிறது. திருமலையிலும் பழனியிலும் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலம் விடப்பட்டு, ரகம் பிரிக்கப்பட்டு, ஏற்றுமதியாகிறது. அதில் ஒரு பகுதி அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைக்குப் போய்ச் சேர்கிறது. நடிகர் கிறிஸ் ராக் 2009-ல் வெளியிட்ட ‘குட் ஹேர்’ என்ற ஆவணப்படம் இந்தப் பாதையைத் தேடி இந்தியாவுக்கே வந்தது. வேண்டுதலுக்காக இங்கே ஒரு தாய் இறக்கிவைத்த முடியை, வேலைக்காக அங்கே இன்னொரு தாய் தன் வருமானத்திலிருந்து பணம் கொடுத்து வாங்குகிறார். அழகுக்காக விரும்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் தலையில் முளைத்த முடியோடு போனால் வேலை கிடைக்காது என்ற பயத்தில் வாங்குவதை விருப்பம் என்று சொல்ல மனம் வரவில்லை. எட்டு ஆண்டுகள் வெள்ளை மாளிகையில் இருந்த மிஷேல் ஒபாமாவே, பின்னல் போட்டுக்கொண்டால் சிரமமில்லாமல் இருக்குமே என்று நினைத்தும், நாடு அதற்குத் தயாராக இல்லை என்று முடியை நேராகவே வைத்திருந்ததாக 2022-ல் சொன்னார். அவருக்கே அப்படியென்றால், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் பெண் என்ன செய்வாள்?

மாற்றக்கூடியதுதானே?

எதிர்ப்பக்க வாதங்களில் மிக வலுவானது நீதிமன்றங்களிலிருந்தே வந்தது. ஒருவர் தோல் நிறத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே அதை வைத்துப் பாகுபடுத்துவது தவறு. சிகையை மாற்றிக்கொள்ளலாமே என்பது அந்த வாதம். ஜோன்ஸுக்காக அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமே 2013-ல் வழக்குத் தொடுத்தும், 2016-ல் 11-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் தள்ளுபடி செய்தது. முடியின் சுருள் இயற்கையானது, அதற்குப் பாதுகாப்பு உண்டு. சடை என்பது ஒருவர் தேர்ந்தெடுத்த பாணி, அதற்கு இல்லை என்றது தீர்ப்பு. இதே பிளவை முந்தைய வழக்குகளிலும் காணலாம். 1976-ல் ஆஃப்ரோ முடிக்காகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்ற ஒரு பெண்ணின் புகாரை இனப் பாகுபாட்டுப் புகாராக 7-வது சர்க்யூட் நீதிமன்றம் ஏற்றது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பணியாற்றிய ரெனே ராஜர்ஸ் தன் கார்ன்ரோஸ் பின்னலுக்காகத் தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. இந்தப் பின்னலை ஒரு வெள்ளைக்கார நடிகை சினிமாவில் பிரபலப்படுத்திய பிறகே அவர் போட ஆரம்பித்தார் என்று நிறுவனம் சொன்னதையும் நீதிமன்றம் குறித்துக்கொண்டது. வேலை நேரத்தில் பின்னலைச் சுருட்டி ஒட்டுமுடிக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அப்படி வைத்தால் கடுமையாகத் தலை வலிக்கிறது என்று ராஜர்ஸ் சொன்னதற்கு, இன்னும் பெரிய ஒட்டுமுடியாக வைத்துக்கொள்ளலாமே என்பது தீர்ப்பில் கிடைத்த பதில்.

‘மாற்ற முடியுமா’ என்ற அந்தக் கேள்வியே தவறான கேள்வி. அமெரிக்காவின் 1964-ம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டம் இனத்தோடு மதத்தையும் பாதுகாக்கிறது. மதம் மாற்றிக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் வேலை வேண்டுமென்றால் மதம் மாறிக்கொள் என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. தலையில் துணி கட்டிய சமந்தா எலாஃப் என்ற முஸ்லிம் பெண்ணுக்குத் தோற்ற விதியைக் காட்டி வேலை மறுத்த அபர்கிராம்பி துணிக்கடை நிறுவனத்துக்கு எதிராக 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் துணியும் கழற்றக்கூடியதே. மேலும், சுருளுக்குப் பாதுகாப்பு உண்டு, அந்தச் சுருளைக் காக்கும் பின்னலுக்கு இல்லை என்று பிரிப்பது நடைமுறையில் பொருளற்றது. நீ பிறந்தபடி இருக்கலாம், ஆனால் அந்த முடியைப் பராமரிக்கத் தெரிந்த வழியில் பராமரிக்கக் கூடாது என்பதுதான் அதன் விளைவு. எல்லோருக்கும் ஒரே விதி என்பதும் தானாகவே நியாயமாகிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1971-லேயே, டியூக் பவர் மின் நிறுவன வழக்கில் ஒருமனதாகச் சொல்லியிருந்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத கல்வித் தகுதியையும் தேர்வுகளையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்து, விளைவில் கறுப்பினத்தவரை வெளியே நிறுத்திய வழக்கு அது. விதியின் முகத்தைப் பார்க்காமல் விளைவைப் பார்க்க வேண்டும், வேலைக்கு அது தேவைதானா என்று கேட்க வேண்டும் என்ற அந்தப் பாடம் முடிக்கும் பொருந்தும்.

இரண்டாவது வாதம் வாடிக்கையாளரைப் பற்றியது. எங்களுக்கு ஒன்றுமில்லை, வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. இதே பேச்சை ஒரு காலத்தில் பான் ஆம் விமான நிறுவனம் ஆண்களுக்கு எதிராகப் பேசியது. பயணிகளுக்குப் பணிப்பெண்களைத்தான் பிடிக்கிறது என்று கருத்துக் கணிப்பையெல்லாம் காட்டியது. விமான நிறுவனத்தின் அடிப்படைப் பணி பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது, வாடிக்கையாளரின் விருப்பு வெறுப்பைக் காட்டிப் பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது என்று 1971-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. அந்த நியாயம் முடிக்கு மட்டும் மாறிவிடாது. மூன்றாவது வாதம் பாதுகாப்பும் சுத்தமும். இது உண்மையான அக்கறை, இதைத் தள்ளிவிட முடியாது. சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் முடி உயிருக்கே ஆபத்து, சமையற்கூடத்தில் முடிவலை வேண்டும், தலைக்கவசம் சரியாகப் பொருந்த வேண்டும். ஆனால் இவை எல்லா நீளமுடிக்கும் பொருந்தும் தேவைகள். கட்டிக்கொள், வலை போட்டுக்கொள் என்பதோடு நின்றால் அது பாதுகாப்பு விதி. குறிப்பிட்ட ஒரு மக்களின் பின்னலை மட்டும் பெயர் சொல்லித் தடுக்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தைவிட ஒழுங்குக்கும் கவசத்துக்கும் முக்கியத்துவம் தரும் பணியிடம் அரிது. 2014-ல் அது வெளியிட்ட சிகை விதிகள் ட்விஸ்டையும் டிரெட்லாக்ஸையும் தடைசெய்தன. கறுப்பினப் பெண் வீரர்கள் எதிர்த்ததும் மறு ஆய்வு நடந்து விதிகள் தளர்ந்தன. 2017-ல் பெண்களுக்கு டிரெட்லாக்ஸும் அனுமதிக்கப்பட்டது. ராணுவத்தின் கட்டுப்பாடு அதனால் குலைந்துவிடவில்லை.

தடை விதியில் மட்டும் இருப்பதில்லை. பல நேரங்களில் அது நாம் பயன்படுத்தும் பொருள்களின் அளவில் ஒளிந்திருக்கும். அடர்ந்த சுருள்முடிக்கென்று செய்த பெரிய நீச்சல் தொப்பியை, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் 2021-ல் சர்வதேச நீச்சல் அமைப்பு ஏற்க மறுத்தது. அது தலையின் இயல்பான வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது காரணம். எதிர்ப்புக்குப் பின் 2022-ல் அதே தொப்பி அனுமதிக்கப்பட்டது. யாருடைய தலையை இயல்பு என்று வைத்து அளந்தார்கள் என்ற கேள்வி பணியிடத் தலைக்கவசத்துக்கும் சீருடைத் தொப்பிக்கும் பொருந்தும். தலைக்கு ஏற்றபடி தொப்பியைச் செய்வதுதான் முறை.

சட்டமும் மனமும்

கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலையில் கிரவுன் சட்டத்தை இயற்றியது. தானே லாக்ஸ் சடை வைத்திருந்த மாநில செனட்டர் ஹாலி மிச்சல் கொண்டுவந்தது அது. இனம் என்பதன் வரையறைக்குள் இனத்தோடு வரலாற்று ரீதியாகச் சேர்ந்த முடியின் தன்மையும், பின்னல், ட்விஸ்ட், லாக்ஸ் போன்ற சிகைகளும் அடங்கும் என்று அது சொன்னது. மாற்றக்கூடியதா இல்லையா என்ற சிக்கலை ஒரே வரியில் அவிழ்த்த சட்டம் அது. அடுத்தடுத்து 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதே வழியில் போயிருக்கின்றன. நாடு முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 235-க்கு 189 என்று நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. இன்றைக்குப் பின்னலை விட்டால் நாளைக்கு ஊதாநிற முடியும் முகத்தில் பச்சை குத்துவதும் வரும் என்று பயப்படுபவர்களுக்கு, இந்தச் சட்டத்தின் எல்லை குறுகியது என்பதே பதில். சுத்தம், நேர்த்தி, பாதுகாப்பு பற்றிய விதிகளை முதலாளி வைத்துக்கொள்ளலாம். ஓர் இனத்தின் முடியையே அழுக்கு என்று கருதும் விதியைத்தான் வைக்கக்கூடாது.

சட்டம் போதுமா என்றால், போதாது. டெக்சாஸில் 2023 செப்டம்பரில் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் அங்கே நீண்ட லாக்ஸ் வைத்திருந்த ஒரு கறுப்பின மாணவனைப் பள்ளி ஒன்று மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தது. எங்கள் தடை சிகைக்கு இல்லை, நீளத்துக்குத்தான் என்றது பள்ளி. 2024 பிப்ரவரியில் நீதிபதியும் அதை ஏற்றார். மனம் மாறாத இடத்தில் விதி வேறு சந்து வழியாக வந்துவிடுகிறது. மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை கிறிஸ்டி சோ கோவலும் டியூக் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி ஷெல்பி ரோசெட்டும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்களின் விவரங்களைப் படத்தோடு கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, இயற்கையான முடியோடு இருந்த கறுப்பினப் பெண்களுக்குத் தொழில்முறைத் தன்மையும் திறமையும் குறைவு என்று மதிப்பெண் விழுந்தது. அதே பெண் முடியை நேராக்கிய படத்துக்குக் கூடுதல் மதிப்பெண். தோற்றக் கட்டுப்பாடு மிகுந்த கன்சல்டிங் துறை வேலை என்று சொன்னபோது இந்த ஓரவஞ்சனை தெரிந்தது, விளம்பரத் துறை வேலை என்றபோது அப்படித் தெரியவில்லை. பழக்கம் போட்ட கோடுதான் இது, பழக்கத்தால் அழிக்கவும் முடியும் என்ற நம்பிக்கை இதிலிருந்தே கிடைக்கிறது.

ஆகவே ஒரு பணியிடம் செய்ய வேண்டியது பெரிய பிரகடனம் எதுவும் இல்லை. சிகை விதி எழுதியிருக்கும் தாளை எடுத்துவைத்து, ஒவ்வொரு வரிக்கும் இந்த வேலைக்கு இது ஏன் தேவை, இதை நிறைவேற்ற யாருக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் போதும். பதில் கிடைக்காத வரியை அடித்துவிடலாம். ‘பார்வைக்குத் தக்கதாக’ போன்ற பிடி இல்லாத சொற்களை எடுத்துவிட்டு, கட்டியிருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கும்படி எழுதலாம். புதிதாகச் சேர்ந்தவரின் பின்னலைத் தொட்டுப் பார்ப்பதையும், இது உன் முடிதானா என்று கேட்பதையும் நிறுத்தலாம். முடியை நேராக்கிக்கொண்டு வர விரும்புகிறவரை, நீ உன் இனத்தை மறந்துவிட்டாய் என்று இடிக்காமல் இருப்பதும் இதே மரியாதையின் இன்னொரு பக்கம்தான். எப்படி வந்தாலும் விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

ஜோன்ஸின் வழக்கு கடைசியாக உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனது. 2018 மே மாதம் அதை விசாரணைக்கு எடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், அதே நீதிமன்றத்தில் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் நீதிபதியாகப் பதவியேற்றார். அங்கே அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அவருடைய முடி, மெல்லிய சடைகளாகத் திரண்ட சிஸ்டர்லாக்ஸ். மொபீல் நகரில் போன் எடுக்கும் வேலைக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட முடியின் வகையே நாட்டின் மிக உயர்ந்த நீதி இருக்கையில் இருக்கிறது. இதைப் பார்த்துப் பல சிறுமிகள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். ஆனால் ஹார்வர்டில் படித்து உச்சிக்குப் போனவரின் சடையை ஏற்பது ஒரு சமூகத்துக்கு எளிது. அந்தத் தொலைபேசிக் கூடத்தில், சாதாரணச் சம்பளத்துக்கு, நாளைக்கு ஒரு பெண் அதே சடையோடு வந்து உட்காரும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவரவர் வேலையைப் பார்த்தால், அன்றைக்குத்தான் விதியும் ஒன்று, விலையும் ஒன்று என்று சொல்ல முடியும்.